குளிசை நேரத்துக்குக் கிடைக்க வேண்டும்: பார்க்கின்சன் உள்ளவர்களுக்காக யாழ்ப்பாணத்தில் எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது?

[காட்சி: சுவர் மணிக்கூடு. மேசையில் பாதியாக உடைத்த ஒரு குளிசை, ஒரு கிளாஸ் தண்ணீர்.]

வணக்கம். விடிய 6 மணிக்குப் போட வேண்டிய குளிசை 8 மணிக்குத்தான் கைக்கு வருகிறது என்று வையுங்கள். பல குளிசைகளுக்கு அது பெரிய விஷயமில்லை. பார்க்கின்சன் என்ற மூளை நோய்க்கான குளிசை என்றால் கதை வேறு. அந்த இரண்டு மணித்தியாலமும் ஆளுக்குக் கட்டிலில் புரண்டு படுக்கவே ஏலாமல் போகலாம். சேட்டுப் பொத்தான் பூட்ட வராது. தண்ணீர் குடித்தால் புரைக்கேறும். கூப்பிட்டால் குரல் வெளியே வராது. குளிசை போட்டு அரை மணி, முக்கால் மணித்தியாலத்தில் அதே ஆள் எழும்பி நடப்பார். பக்கத்துக் கட்டில்காரர் நினைப்பார்: "இவ்வளவு நேரமும் மனுசன் நடிச்சதோ?"

நடிப்பில்லை. நடுமூளையில் கருமையாகத் தெரியும் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. உடம்பை அசைக்க மூளைக்குத் தேவையான டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் அங்கே உண்டு. பார்க்கின்சனில் அவை கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. கைநடுக்கம் வீட்டுக்காரர் கண்ணில் படும்போதே அவற்றில் கணிசமானவை போயிருக்கும். அதற்கும் பல வருடம் முன்னரே மணம் தெரியாமல் போவது, மலச்சிக்கல், நித்திரையில் கத்துவது, காலால் உதைப்பது எல்லாம் வந்திருக்கலாம். அதை யார் நோய் என்று எடுத்தார்கள்? "வயசு போகுது" என்று விட்டுவிடுவோம்.

லெவோடோபா என்ற மருந்து மூளைக்குள் போய் டோபமைனாக மாறும். கூடவே காபிடோபா சேர்த்திருப்பார்கள், மருந்து மூளைக்குப் போகும் வழியிலேயே வீணாகாமல் இருக்க. ஆனால் இரத்தத்தில் அது கனநேரம் நிற்காது. ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். நோய் தொடங்கிய வருடங்களில் மூளையே கொஞ்சம் சேமித்து வைத்துச் சமாளிக்கும். பிறகு பிறகு அந்தச் சேமிப்பும் இல்லை. கரண்ட் வந்து வந்து போவதுபோல உடம்பு ஓடும், நிற்கும். அதனால்தான் சிலருக்கு நாளுக்கு நாலு தரம், ஐந்து தரம், ஆறு தரம் குளிசை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். நோயாளிகளுக்காகக் குரல் கொடுக்க வேண்டும் என்று ஒரு ஊர்ச் சங்கமோ, பிள்ளைகளோ கிளம்பினால் முதலில் என்ன செய்வார்கள்? ஒரு மகஜர் எழுதுவார்கள். "நரம்பியல் நோயாளர்களுக்கான வசதிகளை மேம்படுத்தித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." கொண்டுபோய்க் கையளித்து, நின்று படமும் எடுப்பார்கள். என் கணிப்பில் இது வீண் வேலை. இதற்கு யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். செய்யவும் மாட்டார்கள். செய்தார்களா இல்லையா என்று நீங்கள் சரிபார்க்கவும் ஏலாது. ஓம் அல்லது இல்லை என்று பதில் வரக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்.

[காட்சி: உலக வரைபடம், பிரித்தானியாவில் நிற்கிறது.]

பிரித்தானியாவில் இப்படி ஒரு வேலை நடந்தது. பார்க்கின்சன்ஸ் யூகே என்ற அமைப்பு 'கெட் இட் ஒன் டைம்' என்று ஒரு பிரசாரம் நடத்தியது. கேட்டது ஒன்றே ஒன்று: வாட்டில் இருக்கும் பார்க்கின்சன் நோயாளிக்கு, எழுதிக் கொடுத்த நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் குளிசை கிடைக்க வேண்டும். புதுக் கட்டடம் கேட்கவில்லை, ஸ்கேன் இயந்திரம் கேட்கவில்லை. அங்கேயும் எல்லா இடத்திலும் இது சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆனால் எந்த வைத்தியசாலையில் பிந்துகிறது என்று அளந்து கேட்க அவர்களிடம் ஒரு கோல் வந்துவிட்டது.

எங்கள் வாட்டுகளில் இதைக் கேட்பதற்குப் பணமே தேவையில்லை. தாதியரைக் குறை சொல்லவும் தேவையில்லை. வாட்டுக்கு என்று மருந்து கொடுக்கும் நேரங்கள் உண்டு, அந்த நேரத்தில் அவர்கள் வரிசையாக எல்லாக் கட்டிலுக்கும் போகவேண்டும். எங்கள் ஆளின் குளிசை நேரம் அதற்குள் அடங்காது, அவ்வளவுதான். ஆகவே கேட்க வேண்டியது இது: நோயாளியோ கூட நிற்பவரோ சொந்தக் குளிசையைத் தங்களிடம் வைத்து, தங்கள் நேரத்துக்கு எடுக்க அனுமதி வேண்டும். அந்த அனுமதி கட்டில் தலைமாட்டில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லாக இருந்தால் அடுத்த ஷிப்ட் மாறும்போது காணாமல் போய்விடும்.

அதே தாளில் இன்னொன்றையும் வைத்தியரைக் கொண்டு எழுதுவியுங்கள். வாந்திக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட், இரவில் குழப்பம் வந்தால் கொடுக்கும் ஹலோபெரிடோல் இரண்டும் டோபமைனைத் தடுக்கும். பார்க்கின்சன் உள்ளவரை அவை ஒரே நாளில் மரக்கட்டையாக்கிவிடக் கூடும். தலைச்சுற்றுக்கு மாதக்கணக்கில் எடுக்கும் சினரிசினும் அந்த வகைதான். வாந்திக்கு வேறு மருந்து இருக்கிறது, வைத்தியருக்குத் தெரியும். அவருக்கு இந்த ஆள் பார்க்கின்சன்காரர் என்பது தெரிந்திருக்க வேண்டும், அதுதான் விஷயம். நீங்களாக ஒன்றையும் நிறுத்த வேண்டாம். லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் காய்ச்சலும் உடல் விறைப்பும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

[காட்சி: குறிகட்டுவான் இறங்குதுறை. படகிலிருந்து ஆட்கள் இறங்குகிறார்கள்.]

அடுத்தது கிளினிக். நெடுந்தீவில் இருக்கும் ஒருவர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வருவதானால் படகு ஏறிக் குறிகட்டுவான், அங்கிருந்து பஸ். படகுக்கும் துறைக்கும் இடையில் கால் வைக்கும் அந்த ஒரு கணத்தைப் பாருங்கள். பார்க்கின்சனில் கால் நிலத்தில் ஒட்டிக்கொள்வது போல நிற்பது அப்படியான இடத்தில்தான். பின்னால் நிற்பவர்கள் "கெதியாப் போங்கோ அப்பு" என்பார்கள். அவசரப்படுத்தினால் இன்னும் கூடும். இவ்வளவும் எதற்கு? பல தடவை, போன மாதம் எடுத்த அதே குளிசையை இந்த மாதமும் எடுக்க.

நிபுணரை இடைக்கிடை பார்த்தால் போதும் என்ற கட்டத்தில் இருப்பவருக்கு, மாதக் குளிசையை ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி என்று கிட்டடியில் உள்ள வைத்தியசாலையில் கொடுக்க முடியாதா? இதுதான் இரண்டாவது கேள்வி. லெவோடோபா காபிடோபா ஒன்றும் ஆடம்பர மருந்தில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. 2022 மே மாதம் உலக சுகாதார மாநாடு நரம்பியல் நோய்களுக்கென ஒரு செயற்றிட்டத்தை ஏற்றுக்கொண்டது. 2031 ஆகும்போது 80 வீதமான நாடுகள், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இந்த நோய்களுக்கான அத்தியாவசிய மருந்துகளைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் இலக்குகளில் ஒன்று. இலங்கையும் அந்த நிறுவனத்தின் உறுப்பு நாடு. கடிதத்தில் இந்த வரியைப் போடுங்கள். எங்கள் ஊரில் "சர்வதேசம்" என்றால் கோப்பு கொஞ்சம் நகரும்!

அந்த 2022இல்தான் இங்கே மருந்துத் தட்டுப்பாடும் வந்தது. வெளிநாட்டில் பிள்ளை இருப்பவர்கள் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் எடுப்பித்துச் சமாளித்தார்கள். பிள்ளை இங்கேயே கூலி வேலை செய்யும் வீடுகளுக்கு அந்த வழி இல்லை. பார்சலை நம்பி ஒரு சுகாதார சேவை நடக்கக்கூடாது.

யாரிடம் கேட்பது? இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். போதனா வைத்தியசாலை கொழும்பில் உள்ள மத்திய சுகாதார அமைச்சின் கீழ். கிராமத்துப் பிரதேச வைத்தியசாலைகள் மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கீழ். ஆகவே வாட்டில் குளிசை நேரம் பற்றிய கடிதம் போதனா வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு. ஊரில் குளிசை கிடைப்பது பற்றிய கடிதம் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் மாகாணப் பணிப்பாளருக்கும். ஒரே கடிதத்தில் இரண்டையும் எழுதினால் இரண்டு பக்கமும் "அது எங்கட விஷயமில்லை" என்று சொல்ல வசதியாகிவிடும்.

[காட்சி: ஒரு பழைய கல்வீடு. உயர்ந்த வாசற்படி. நிலத்தில் மஞ்சள் நாடா ஒட்டிய கோடுகள்.]

வீட்டுக்குள் போவோம். ஐயா வாசலில் நிற்கிறார். கால் வரவில்லை. மகள் கையைப் பிடித்து இழுக்கவில்லை, பக்கத்தில் நின்று சொல்கிறார்: "அப்பா, கோட்டுக்கு மேலால காலை வையுங்கோ." வைக்கிறார், அடுத்த கோடு, அடுத்த கோடு. விந்தைதான், ஆனால் உண்மை. தானாக நடக்க வராத கால், எதையாவது தாண்டச் சொன்னால் வரும். நாடாவின் விலை என்ன பெரிய விலை? இதைச் சொல்லித்தர ஒரு பிசியோதெரபி ஆள் வீட்டுக்கு ஒரு தடவையாவது வந்திருக்க வேண்டும், அதுதான் கிடைப்பதில்லை. குந்தும் கக்கூசுக்கு மேல் ஒரு கொமட் கதிரை, கிணற்றடியில் பிடிக்க ஒரு கம்பி. இவையும் மருத்துவம்தான்.

இதற்குப் போக வேண்டிய இடம் வைத்தியசாலை இல்லை, பிரதேச செயலகம். அங்கே சமூக சேவை உத்தியோகத்தர் இருப்பார். "வலது குறைந்தோர் உதவி கை கால் இல்லாதவர்களுக்கு, உங்கட ஆள் நடக்கிறார்தானே" என்று யாராவது சொன்னால் திரும்பி வரவேண்டாம். வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி, உடல் அல்லது உளக் குறைபாட்டால் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுதாகவோ பகுதியாகவோ தானே செய்துகொள்ள முடியாதவர் எவரும் அதற்குள் வருவார். பிறவிக் குறைபாடாக இருக்க வேண்டும் என்றில்லை. அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவிலும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஒரு யோசனை: குளிசை வேலை செய்யாத நேரத்தில் ஆள் எப்படி இருக்கிறார் என்று அவருடைய சம்மதத்தோடு கைபேசியில் ஒரு நிமிட வீடியோ எடுத்துக் கொண்டுபோங்கள். பத்துப் பக்கம் எழுதுவதைவிட அது பேசும்.

பூனைக்காலி என்ற மூலிகை பற்றியும் கட்டாயம் கேட்பீர்கள். அந்த விதையில் உண்மையாகவே லெவோடோபா இருக்கிறது. அதனாலேயே கவனம் வேண்டும், குளிசையோடு சேர்த்தால் அளவு கூடிவிடும். எடுப்பதென்றால் கிளினிக்கில் சொல்லிவிட்டு எடுங்கள். அதேபோல குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் போடுவது நல்லது. மீன், பருப்பு, பாலில் உள்ள புரதம் அதோடு போட்டி போடும்.

ஏப்ரல் 11 உலக பார்க்கின்சன் தினம். ஜேம்ஸ் பார்க்கின்சன் பிறந்த நாள். 1817இல் அவர் இந்த நோய் கண்ட 6 பேரைப் பற்றி எழுதினார், அதில் சிலர் தெருவில் கண்டவர்கள்தான். வைத்தியராக இருந்துகொண்டே ஏழைகளுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று புனைபெயரில் துண்டுப்பிரசுரம் எழுதிய ஆள். அரசாங்கம் கூப்பிட்டு விசாரித்தும் இருக்கிறது. குரல் கொடுப்பது இந்த நோயின் பெயரிலேயே இருக்கிறது என்று நான் சும்மா சொல்லிக்கொள்வதுண்டு.

கடைசியாக, கையில் உள்ள நல்ல ஆயுதம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழில் எழுதலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். திரையில் இருப்பதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

[திரையில்: "கடந்த 12 மாதங்களில் தங்கள் வைத்தியசாலையின் மருந்துக் களஞ்சியத்தில் லெவோடோபா காபிடோபா குளிசை இருப்பில் இல்லாதிருந்த திகதிகள் எவை? தற்போது எத்தனை நோயாளர்களுக்கு இது மாதந்தோறும் வழங்கப்படுகிறது?"]

இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைத் தகவல் அலுவலரிடம் கொடுத்து, மற்றதில் திகதியோடு முத்திரை குத்தி வாங்குங்கள். பதில் வந்தால் அதை வைத்துத்தான் அடுத்த கடிதம்.