அடி பம்பு தோற்கும் உயரம்

(தண்டையார்பேட்டையில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் தம்பிகளே, வணக்கம்.

வடசென்னையில் அடி பம்பை அறியாதவர் யார்? அதன் பிடியை அடிக்கும்போது நாம் நீரை இழுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் வெளியே உள்ள காற்றழுத்தம்தான் நீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தத்தின் பலம் சுமார் 10 மீட்டரோடு தீர்ந்துவிடும். அதற்கு மேல் பயில்வான் வந்து அடித்தாலும் நீர் ஏறாது. அப்படியானால் 20 மீட்டர் தென்னையின் குருத்துக்கு நீர் எப்படிப் போகிறது? கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்களில் 115 மீட்டரைத் தாண்டியதும் உண்டு!

வேர் தள்ளுகிறது என்பீர்கள். கொஞ்சம் தள்ளத்தான் செய்கிறது. விடியலில் புல் நுனியில் நிற்கும் துளிகளில் சில பனியல்ல, வேர் தள்ளிய நீர். ஆனால் உயர்ந்த மரத்துக்கு அது போதாது. தண்டின் உயிருள்ள செல்கள் துடித்து நீரை ஏற்றுகின்றன என்றார் ஜகதீஷ் சந்திர போஸ். மேதைதான், ஆனாலும் இதில் அறிவியல் அவர் பக்கம் நிற்கவில்லை. அவருக்கு முன்பே ஸ்டிராஸ்பர்கர் என்ற தாவரவியலாளர் நஞ்சேற்றித் தண்டின் செல்களைக் கொன்று பார்த்தார். நீர் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

1894-இல் டப்ளினில் டிக்சனும் ஜோலியும் விடை சொன்னார்கள். இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்பவை. ஆகவே மேலே நீர் போகப் போக, சைலம் எனும் நீர்க் குழாய்களில் வேர் வரை அறுபடாமல் நிற்கும் நீர் முழுவதும் இழுபடுகிறது. மண்ணின் தாது உப்புகளும் அதில் கரைந்தே ஏறுகின்றன. அந்தக் குழாய்கள் செத்த செல்களால் ஆனவை. செலவு வெயிலுடையது, மரம் காலணா கொடுப்பதில்லை.

இலை சமைத்த சர்க்கரையைச் சுமப்பது புளோயம். அது உயிருள்ளது, பட்டையை ஒட்டியே இருப்பது. தெருமரத்தில் கம்பியை இறுக்கிக் கட்டுகிறார்களே, மரம் பருக்கப் பருக்க அது நெரிப்பது இந்த வழியைத்தான். வேர் பட்டினி கிடக்கிறது.

இனி நம் எண்ணூர் கழிமுகத்துக்கு வருவோம். அங்குள்ள அலையாத்தி உப்பு நீரில் நின்றுகொண்டு நல்ல நீரைக் குடிக்கிறது. கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து நீரை மட்டும் இழுக்க, வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 25 மடங்கு இழுவிசை வேண்டும். அலையாத்திகளின் சாற்றில் அதைவிடக் கூடுதலான இழுவிசை இருப்பதை 1965-இல் ஷோலாண்டர் குழுவினர் அளந்து காட்டினார்கள். பெரும்பகுதி உப்பை வேர் தடுத்துவிடும். தப்பி ஏறுவதை இலைகள் வெளியேற்றும். ஓர் இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும்.

இழுப்பது வெயில்தான். ஆனால் உப்பைத் தடுக்கும் வேர் உயிரோடிருக்க வேண்டும்; சேற்றுக்குள் காற்றில்லை. அதற்காகத்தான் அந்த மரம் மூச்சுவேர்களை மேலே நீட்டுகிறது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் படிந்தது அவற்றின் மேல்தான். அன்று அதை வாளியில் அள்ளிய மீனவச் சகோதரர்கள் யாரேனும் இங்கே இருந்தால், முதலில் அவர்கள் பேசட்டும். கேள்விகளைப் பிறகு எடுத்துக்கொள்வோம்.