ஊர்மிளை அழவில்லை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, இந்த மழையிலும் ஹட்டனிலிருந்து வந்திருக்கும் அதிபர் அம்மா அவர்களே, மண்டபத்தைத் திறந்துவிட்ட கோயில் பரிபாலன சபை ஐயாமார்களே, தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் அக்காமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஊர்மிளை, ரதி, திரிசடை என்று மூன்று பேரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இலட்சுமணன் 14 வருடம் காட்டுக்குப் போனான். அவன் விட்டுப்போன மனைவி ஊர்மிளை அழவில்லை. அவளுக்கு வால்மீகி ஒரு வார்த்தை பேசக் கொடுக்கவில்லை. தெலுங்குப் பெண்கள்தான் தங்கள் பாட்டில் அவளைத் தேடிப் போனார்கள். அந்த 14 வருடமும் அவள் தூங்கியே கழித்தாள் என்று பாடினார்கள்.

சரி, ரதிக்கு வருகிறேன். ரதி அழுதாள், சிவன் எரித்த மன்மதன் எழுந்தான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மாசி மாதம், எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து ஆடும் பொட்டல். ரதி வேஷம் கட்டியவர் ஆண்தான். மன்மதன் எரிந்ததும் ஒப்பாரி வைக்க வேண்டிய இடத்தில் அவருக்குப் பாட்டு மறந்துபோனது. தப்புச் சத்தம் நின்றது. கம்பளிக்குள் என் தம்பியை மடியில் போட்டிருந்த அம்மாயி, என் அம்மாவின் அம்மா, உட்கார்ந்த இடத்திலேயே அந்தப் பாட்டை எடுத்தாள். கொழுந்துக் கறை படிந்த விரல்கள் தம்பியின் முதுகில் தாளம் போட்டன. தப்புக்காரர் அவள் பக்கம் திரும்பி அடிக்கத் தொடங்கினார். அம்மாயிக்கு எழுத்துத் தெரியாது. அந்த ஒப்பாரியில் ஓர் அடியும் தவறவில்லை. விடிந்ததும் அப்படியே பெரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போய்விட்டாள்.

ரதிக்காக அழுத அம்மாயி, தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. கொழுந்து பறிக்கும் மலையில் கக்கூஸ் கிடையாது. செடி மறைவில் ஒதுங்க வெட்கப்பட்டு, தண்ணீர் குடிக்காமலே மலையேறுவாள். அந்தியில் நீர்க்கடுப்போடு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நம் மலைகளில் இன்றைக்கும் இல்லை, அக்காமார்களே! அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். மலைக்கு மலை கக்கூஸும் தண்ணீரும் வேண்டும் என்று எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. திரிசடையை அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம்.