எச்சில் குடிக்காத சீவாளி
(கும்பகோணத்தில், கலையும் கருவியும் பற்றிய இரண்டு நாள் நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த அரிசி மண்டி முதலாளி அவர்களே (கரண்டு பில் நாங்கள் கட்டுகிறோம், அதையும் சொல்லிவிடுகிறேன்), இன்னொரு விழாவுக்கும் போக வேண்டியிருந்தும் முன்வரிசையில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, நாயன, தவில் வித்வான்களே, ஒயரும் சாலிடரிங் கம்பியுமாகத் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். போன வருஷம் ஒருவரை விட்டுவிட்டேன், இந்த வருஷம் அவர் வரவில்லை.

மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். புதுக் கருவி நம் மண்ணுக்குப் புதிதா என்பது ஒன்று. இந்தப் பிள்ளைகள் செய்திருப்பது இரண்டாவது. பொம்மலாட்டக் கயிற்றை மோட்டார் இழுக்கலாமா என்பது மூன்றாவது.

முதல் விஷயத்துக்கு அதிக நேரம் வேண்டாம். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு கையில் எடுத்த வயலின் எந்த ஊர்ச் சரக்கு? சரபோஜி மன்னர் அரண்மனையில் பேண்டு வாத்தியம் முழங்கிய ஊர் தஞ்சாவூர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பழைய குட்டை நாகஸ்வரமான திமிரி நாயனம் போதாது என்று, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார், சுருதிக்கு ஊதுகிற ஒத்துக் குழலுக்குப் பதில் தம்புராவை வைத்துக்கொண்டார். அன்றைக்கும் முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். ஊதுகிற சங்கை ஊதுவோம், விடிகிறபோது விடியட்டும் என்று அவர் பாட்டுக்கு வாசித்தார். அந்த நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குத்தான் 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

சரி, பிள்ளைகளுக்கு வருவோம். வாசலில் பார்த்திருப்பீர்கள், ஒரு பெண் தவில் கட்டையில் எட்டணா அளவு பித்தளை வட்டு ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருக்கிறாள். பியசோ என்கிறார்கள். அடி விழுந்தால் அதில் துளி மின்சாரம் பிறக்கும், அதைப் பார்த்து விளக்கு எரியும். தவிலின் வலது பக்கமான வலந்தலைக்கு ஒரு நிறம், இடது பக்கமான தொப்பிக்கு ஒரு நிறம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது போன வருஷத்துக் கதை.

போன வருஷம் ஒரு டிப்ளமோ படிக்கிற பையன் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் சீவாளி, அதாவது நாயனத்தின் முனையில் செருகி வாயில் வைத்து ஊதுகிற சின்னத் துண்டு, அடித்துக்கொண்டு வந்தான். பதினோரு தடவை அடித்துப் பன்னிரண்டாவது தேறியதாம். வெள்ளை வெளேர் என்று, பல் செட்டு மாதிரி. நம் பெரியவர், அதோ தூண் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாரே அவர்தான், வாங்கி வழக்கம்போல வாயில் வைத்து நனைத்தார், நனைத்தார், நனைத்துக்கொண்டே இருந்தார். கூட்டம் பொறுமை இழந்துவிட்டது. கடைசியில் ஊதினார் பாருங்கள், மன்னார்குடி பஸ் பின்பக்கம் வருகிறபோது அடிக்கிற ஹாரன் தோற்றது! சமையல்கட்டில் இருந்து ஆள் ஓடி வந்தது. எல்லோரும் சிரித்தோம். பையன் முகம் செத்துவிட்டது. பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. “தம்பி, சீவாளின்னா எச்சில் குடிக்கணும். இது குடிக்க மாட்டேங்குது”ன்னார். நாயனத்தில் நூல் கட்டித் தொங்கிய தன் சீவாளி ஒன்றை அவிழ்த்து அவன் கையில் கொடுத்து, நகத்தால் விளிம்பைத் தடவிக் காட்டினார். அப்புறம் அவர் குறையையும் சொன்னார், ஏசி மண்டபத்தில் சீவாளி காய்ந்து விறைத்துவிடுகிறது என்று. பையன் அதைப் பிடித்துக்கொண்டான். டிபன் டப்பா, உள்ளே ஈரப் பஞ்சு, ஈரம் குறைந்தால் சிவப்பு விளக்கு. அந்த டப்பாதான் இப்போது பெரியவர் மடியில் இருக்கிறது. அண்ணே, தூக்கிக் காட்டுங்கள்!

டப்பா வந்துவிட்டது. உள்ளே வைக்கச் சீவாளிக்கு எங்கே போவது? நான் எதைப் பேசினாலும் இங்கேதான் வந்து நிற்பேன் என்று உங்களுக்குத் தெரியும், முதல்வர் அம்மா சிரிக்கிறார்கள். சீவாளி, ஆற்றங்கரைக் கொறுக்கைத் தட்டையில் செய்வது. கரையில் நிற்கிற புல். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் தூர் வாருகிறார்கள், வாரட்டும், நானும் விவசாயிதான், கடைமடைக்குத் தண்ணீர் போக வேண்டும். ஆனால் பொக்லைன் வந்து மண்ணோடு தூரையும் வேரோடு வழித்துக் கரையில் கொட்டிவிட்டுப் போகிறது. எங்கள் ஊர் வாய்க்கால் தலைப்பில் தாழ்வாரம் அளவுக்கு ஒரு புதர் நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது வெள்ளை வேர் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. ஓட்டுநரைக் கேட்டேன். “புல்லுதானே சார்” என்றார். அவருக்கு யார் சொன்னார்கள்?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. கொறுக்கை நிற்கிற இடங்களைச் சீவாளி கட்டுகிறவர்களைக் கூட்டிப்போய்க் குறித்து, அந்தப் பத்தடி இருபதடியை மட்டும் விட்டுவிட்டுத் தூர் வாருங்கள். குறிக்கிற வேலைக்குக் கைபேசி போதும், வரைபடம் போட இந்தப் பிள்ளைகள் தயார். மனு கொடுத்து இது மூன்றாவது வருஷம். ஊதுகிற சங்கை ஊதுவோம், விடிகிறபோது விடியட்டும். மாமன்ற உறுப்பினர் அவர்கள் தலையசைக்கிறார்கள், இதைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

பொம்மலாட்டம் பேச நேரமில்லை, சீட்டு வந்துவிட்டது. அடுத்து அந்தத் தவில் விளக்கு இருக்கிறது, பார்க்காமல் போகாதீர்கள். மனுத் தாள் வாசலில் காபி கேன் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை அங்கேயே வையுங்கள், நேற்றைக்கே இரண்டு போய்விட்டது.