பத்தாவது இடத்துக்காக விழித்திருந்த இரவு

வணக்கம் நேயர்களே. 2022 பிப்ரவரி 14. பெய்ஜிங்கில் பொழுது விடிந்து ஒலிம்பிக் ஐஸ் டான்ஸ் (ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜோடியாகப் பனியில் வழுக்கி ஆடும் நடனம்) கடைசிச் சுற்று நடக்கிறது, இங்கே இங்கிலாந்தில் நடுராத்திரி தாண்டிவிட்டது. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், நான் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பிரிட்டனின் லைலா ஃபியர், லூயிஸ் கிப்சன் ஜோடி கடைசியில் பத்தாவது இடம். எழுந்து நின்று கைதட்டினேன். மறுநாள் அலுவலகத்தில் சொன்னால், "பத்தாவதுக்கா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம், பத்தாவதுக்குத்தான்.

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் பிரிட்டனுக்குப் பழைய பெருமை உண்டு. 1902-இல் லண்டனில் உலகப் போட்டி நடந்தபோது, பெண்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று விதியில் எங்கேயும் எழுதவில்லை என்பதைப் பார்த்து மேட்ஜ் சையர்ஸ் ஆண்களோடு இறங்கினார், இரண்டாவது வந்தார். அப்புறம்தான் பெண்கள் வரக் கூடாது என்று விதி போட்டார்கள், பிறகு அவர்களுக்கென்று தனிப்போட்டியே வைத்தார்கள், அதையும் 1906-இல் அவரே ஜெயித்தார். 1976-இல் ஜான் கரி, 1980-இல் ராபின் கசின்ஸ், இருவரும் ஒலிம்பிக் தங்கம்.

1984, சரயேவோ ஒலிம்பிக். அதுவும் பிப்ரவரி 14தான். ஜேன் டார்வில் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், கிறிஸ்டோபர் டீன் போலீஸ்காரராக இருந்தவர், இருவரும் நாட்டிங்ஹாம். இசையமைப்பாளர் ராவெலின் 'பொலேரோ' இசையை எவ்வளவு சுருக்கியும் 4 நிமிடம் 28 விநாடிக்குக் கீழே கொண்டுவர முடியவில்லை, விதியோ 4 நிமிடம் 10 விநாடிக்கு மேல் விடாது. ஆனால் காலணியின் பிளேடு பனியைத் தொட்டு ஸ்கேட்டிங் தொடங்கினால்தான் கடிகாரம் ஓடும் என்பதால், இருவரும் முழங்காலில் நின்றபடியே, பிளேடு பனியில் படாமல், உடம்பை மட்டும் அசைத்து அந்த 18 விநாடியைக் கடத்தினார்கள். பார்ப்பவர்களுக்கு அது ஒரு காதல் காட்சி, அவர்களுக்கோ அது கணக்கு! அன்று நடுவர்கள் கொடுத்ததில் 12 மதிப்பெண்கள் முழு 6.0. இன்றும் நாட்டிங்ஹாம் பனி அரங்குக்கு முன்னால் இருக்கிற இடத்துக்குப் பொலேரோ சதுக்கம் என்றுதான் பெயர்.

அவர்களே 1994-இல் திரும்பி வந்து லில்லெஹாமர் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார்கள். ஆனால் உலகப் போட்டியில் 1984-க்குப் பிறகு 2025 வரை பிரிட்டனுக்கு ஒரு பதக்கம்கூட இல்லை, 41 வருடம். அந்த 41 வருடத்தில் யாரும் ஆடவில்லை என்பதுபோலப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஸ்காட்லாந்தின் ஷினேட் கெர், ஜான் கெர், அக்காவும் தம்பியும், ஐரோப்பியப் போட்டியில் 2009, 2011 என இரண்டு முறை வெண்கலம். அப்புறம் பென்னி கூம்ஸ், நிக் பக்லண்ட் ஜோடி, 2014-இல் ஐரோப்பிய வெண்கலம். 2016 ஜூனில் பயிற்சியில் விழுந்து பென்னியின் முழங்கால் சில்லு எட்டுத் துண்டாக உடைந்தது. எட்டு! மாடிப்படி இறங்கினாலே எடை தாங்கும் எலும்பு அது, ஐஸ் டான்ஸில் நாள் முழுக்க முழங்காலை மடக்கித்தான் வேலையே. அந்தக் காலோடு இரண்டு வருடத்துக்குள் பியோங்சாங் ஒலிம்பிக்குக்கு வந்து 11-வது இடம் எடுத்தார்கள். அந்தப் பதினொன்றை எந்தப் பதக்கப் பட்டியலில் எழுதுவது?

பத்து என்ற எண்ணுக்கு உலகப் போட்டியில் தனி மதிப்பு இருக்கிறது. ஒரு நாட்டிலிருந்து ஒரு ஜோடிதான் போகிறது என்று வையுங்கள், அவர்கள் முதல் 10-க்குள் வந்தால் அடுத்த வருடம் அந்த நாட்டுக்குக் குறைந்தது இரண்டு இடம். பதினொன்று வந்தால் ஒன்றே ஒன்று. அதாவது இவர்கள் பத்தாவது வருவதை நம்பி, வீட்டில் இன்னொரு ஜோடி ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

2022 நவம்பரில் ஷெஃபீல்டில் கிராண்ட் பிரீ என்ற சர்வதேச ஸ்கேட்டிங் போட்டி நடந்தபோது நேரில் போயிருந்தேன். டிவியில் தெரியாத விஷயம் ஒன்று அங்கே தெரிந்தது: சத்தம். நல்ல ஸ்கேட்டர் ஆழமாகச் சாய்ந்து போகும்போது பிளேடு பனியைக் கிழிக்கிற ஒரு கனமான ஒலி வரும், துணிக்கடையில் கத்தரியைத் திறந்தபடியே துணியில் ஓட்டுவார்களே, அதுபோல. உலகமெங்கும் ஸ்கேட்டர்கள் போடுகிற ஜான் வில்சன் பிளேடுகளைச் செய்கிற ஊரும் அதே ஷெஃபீல்டுதான். லைலாவும் லூயிஸும் 'ட்விஸில்' என்ற அசைவை எடுத்தார்கள், அதாவது ஒற்றைக் காலில் பம்பரம்போலச் சுழன்றுகொண்டே அரங்கின் குறுக்கே ஓடுவது, இருவரும் பக்கத்துப் பக்கத்தில், தொடாமல், ஒரே வேகத்தில். ஒருவர் அரைச் சுற்று பிந்தினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எனக்கு முன் வரிசையில் இருந்த பாட்டியம்மா அது முடிகிற வரைக்கும் மூச்சே விடவில்லை, முடிந்ததும் பக்கத்தில் யாரென்றே தெரியாதவரின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அன்று அவர்களுக்கு வெள்ளி.

2025 மார்ச்சில் பாஸ்டனில் உலகப் போட்டி. பாடகி பியான்சேயின் பாடல்களுக்கு ஆடி இதே ஜோடி வெண்கலம் வாங்கியது. லூயிஸ் ஸ்காட்லாந்தில் சிறுவனாக இருந்தபோது, டார்வில், டீன் வருகிற டிவி ஸ்கேட்டிங் நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் பனியில் இறங்கியவர். 1984-இல் நின்றுபோன பட்டியலை, அதே இருவரைப் பார்த்து ஆசைப்பட்ட பையன் தொடர்ந்தான்! நான் அன்றைக்கு அழுதுவிட்டேன், சொல்வதில் வெட்கமில்லை.

சரி, பதக்கம் வந்துவிட்டது, இனி அதை மட்டும் பார்ப்போம் என்று எனக்கு மனசு வரவில்லை. பெய்ஜிங்கில் தனிநபர் போட்டியில், ஸ்காட்லாந்தின் டண்டீயைச் சேர்ந்த நடாஷா மெக்கே முதல் சுற்றில் 24-க்குள் வரவில்லை, வழக்கமாக அதற்குள் வந்தவர்கள்தான் அடுத்த சுற்று ஆட முடியும். அத்தனை வருடப் பயிற்சி, மூன்று நிமிடத்துக்குள் ஓர் ஆட்டம், அவ்வளவுதான், பெட்டியைக் கட்ட வேண்டும். அதனால் அடுத்த சீசனில் தனிநபர் போட்டி பார்க்கிற நேயர்கள், முதல் சுற்று முடிந்து பட்டியல் வந்ததும், மேலே யார் என்பதை அப்புறம் பாருங்கள், கண்ணை நேராக இருபத்து நாலாவது வரிக்குக் கொண்டுபோங்கள். நான் முதலில் தேடுவது அங்கேதான்.

நன்றி, வணக்கம்.