போதையை விட்ட பிறகு வரும் அசதியும் சத்து மாத்திரையும்

நேயர்களுக்கு வணக்கம்.

போதையிலிருந்து மீள்கிறவர்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் என்பதால் ஒரு கேள்வி அடிக்கடி என் காதில் விழும். பெரும்பாலும் மனைவியோ அம்மாவோதான் கேட்பார்கள். "குடிச்சுக்கிட்டு இருந்தப்பகூட வேலைக்குப் போனார் டாக்டர். விட்டதுக்கு அப்புறம் படுத்தே கிடக்கிறார். நல்ல சத்து மாத்திரையா எழுதிக் கொடுங்களேன்."

நியாயமான கேள்விதான். ஆனால் வைட்டமினில் தெம்பு இல்லை. சாப்பாட்டிலிருந்து தெம்பை எடுக்க அது உடம்புக்கு உதவுகிறது, அவ்வளவுதான். குறைபாடு உள்ளவருக்கு அது மருந்து. குறைபாடு இல்லாதவர் எத்தனை மாத்திரை விழுங்கினாலும் சுறுசுறுப்பு கூடாது.

மது குடித்தவர்கள் விஷயத்தில் ஒரு வைட்டமினைப் பற்றி அழுத்திச் சொல்லியாக வேண்டும். அது பி1, அதாவது தயமின். மாவுச்சத்தை ஆற்றலாக மாற்ற இது வேண்டும். மூளைக்கு இது இல்லாமல் முடியாது. உடம்பில் இருக்கும் மொத்த இருப்பே சுமார் 30 மில்லிகிராம்தான், சில வாரங்களில் தீர்ந்துவிடும். மது இதைக் குடலில் சரியாக உறிஞ்ச விடுவதில்லை. கல்லீரல் கெட்டால் சேமிப்பும் குறைகிறது. தொடர்ந்து குடிப்பவர் பலர் ஒழுங்காகச் சாப்பிடுவதும் இல்லை.

இது மிகவும் குறைந்தால் வரும் மூளைப் பாதிப்பை 1881-இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே விவரித்தார். மனக்குழப்பம், தள்ளாடும் நடை, கண் அசைவில் கோளாறு ஆகியவை அதன் அறிகுறிகள். மூன்றும் ஒருசேர வருவது குறைவு. அதனால்தான் வீட்டில் இருப்பவர்கள் 'மறுபடியும் குடித்துவிட்டார்' என்று நினைத்துக் கோபப்பட்டு விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி விடாதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அங்கே தயமினை ஊசியாகத்தான் போடுவோம், மாத்திரையாகக் கொடுத்தால் குடல் கொஞ்சமாகத்தான் ஏற்கும். தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடலாம். இன்னொன்று, வேறு எதற்காகச் சிகிச்சைக்குப் போனாலும் குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சமும் செலவாகிவிடும் ஆபத்து உண்டு.

ஃபோலிக் அமிலமும் பி12-உம் குறைந்தால் ரத்தசோகை வரும், அதனாலும் அசதி வரும். ரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். சோதிக்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் சாப்பிட்டால் ரத்தம் சரியாகிவிடும், பி12 குறைவால் வரும் நரம்புப் பாதிப்பு மட்டும் உள்ளுக்குள் வளர்ந்துகொண்டே போகும்.

கடையில் கிடைப்பதையெல்லாம் வாங்கிப் போடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. வைட்டமின் ஏ அளவு மீறினால், ஏற்கெனவே அடிபட்ட கல்லீரலை இன்னும் கெடுக்கும். நீண்டகாலம் குடித்தவர்கள் சிலருக்குக் கல்லீரலில் இரும்புச்சத்து தேங்கியிருக்கும். அவர்களுக்கு இரும்பு மாத்திரை எதற்கு? பி6-ஐ அதிக அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டால் கால் மரத்துப்போகும். மதுவும் அதையே செய்யும் என்பதால், எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பது எங்களுக்கே சிரமமாகிவிடுகிறது.

சரி, பரிசோதனையில் எல்லாம் நன்றாக இருக்கிறது, அசதி மட்டும் போகவில்லை என்றால்? பெரும்பாலும் தூக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குடியை நிறுத்திய பிறகு தூக்கம் சீராகப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். கோகெய்ன் போன்ற ஊக்கப் போதைப்பொருள்களை விட்டவர்களுக்கு, ஆர்வத்தைத் தூண்டும் மூளை ரசாயனமான டோபமைனின் அமைப்பு தேறுவதற்கும் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை எதிலும் நாட்டம் இருக்காது. ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் போதைப்பொருள் ஹார்மோன்களைக் குறைத்திருக்கலாம். தைராய்டு, மனச்சோர்வு, சாப்பிடும் மருந்துகள் என்று இன்னும் பல காரணங்கள் உண்டு. இவற்றுக்கெல்லாம் தனித்தனியே வழி இருக்கிறது. வாழ்வதில் அர்த்தமில்லை என்று அவர் பேசினால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல் அவரை எவ்வளவு காயப்படுத்துகிறது என்பதைத் தினமும் நேரில் பார்க்கிறேன். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, காலை வெளிச்சத்தில் கூடவே கொஞ்சம் நடப்பது, வேளாவேளைக்குச் சாப்பிடுவது, இதற்கெல்லாம் துணையாக இருங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். தெம்புக்கென்று விற்கும் சில டானிக்குகளில் ஆல்கஹால் கலந்திருக்கும். குடியை விடுவதற்காகக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்தக் கொஞ்சமே படபடப்பையும் வாந்தியையும் கொண்டுவரும். மற்றவர்களுக்கு அடங்கியிருந்த ஆசையைக் கிளப்பிவிடலாம். வாங்குமுன் பாட்டிலில் ஒட்டியிருக்கும் லேபிளை முழுவதும் படியுங்கள். புரியாவிட்டால் மருந்தாளரிடம் கேளுங்கள், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.