அருமைக்காரர் ஐயா

பெரியோர்களே, தாய்மார்களே, ஐயாவின் வீட்டாரே, வணக்கம். நம் பகுதித் திருமணங்களை முன்னின்று நடத்திவந்து மறைந்த அருமைக்காரர் ஐயாவை நினைத்துச் சில வார்த்தைகள் பேச வந்திருக்கிறேன்.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் நம் கொங்கு நாட்டுத் திருச்செங்கோட்டில் தங்கியிருந்த பனிக்காலத்தில், உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியது என்றும், அது தீரவே ‘அவ்வினைக்கு இவ்வினை’ என்று தொடங்கும் திருநீலகண்டப் பதிகத்தை அவர் பாடினார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. அந்தப் பதிகத்தின் முதல் பாட்டில் ‘கைவினை செய்து எம்பிரான் கழல் போற்றுதும்’ என்று ஓர் அடி வருகிறது. இரண்டாம் பாட்டு ‘காவினை இட்டும் குளம்பல தொட்டும்’ என்று தொடங்கி, சோலை வைத்தும் குளம் தோண்டியும் கனிந்த மனத்தோடு இறைவனைத் தொழுவதைப் பேசுகிறது. நம் அருமைக்காரர் ஐயா விடியற்காலையில் மாடு கட்டும் கட்டுத்தரையில் சாணி எடுத்துக்கொண்டே இந்த இரண்டு பாட்டுகளையும் பாடுவார். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையாகிய நான் தேவாரம் கேட்டது முதன்முதலில் அங்கேதான். அவர் பக்தியைப் பற்றிப் பேச வந்த நான், அதனால்தான், கோயிலைப் பற்றிக் குறைவாகவும் அவர் தோட்டத்தையும் குடும்பத்தையும் பற்றி மிகுதியாகவும் பேசப் போகிறேன்.

கீழ்பவானி வாய்க்கால் 1955இல் அணை கட்டி முடிந்த பிறகு நம் பகுதியின் முகத்தையே மாற்றியது என்பதை இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டில், அதாவது பாசன நிலத்தில், பாதிக்கு ஒரு பருவத்தில் நெல்லுக்கும், மறுபாதிக்கு அடுத்த பருவத்தில் கடலை, எள் முதலிய புன்செய்ப் பயிருக்கும் தண்ணீர் விடும் ஏற்பாடு அது. ஏற்பாடு நியாயமானதே, ஆனால் கிளை வாய்க்காலில் மேல்மடைக்காரர் தம் வயல் நிறைந்த பிறகும் மடையை அடைக்காவிட்டால் கடைமடைக்காரர் காய வேண்டியதுதான். ஐயாவின் நிலம் மேல்மடையில் இருந்தது. தம் முறை முடிந்ததும் மண்வெட்டியால் மடையை அடைத்துவிட்டு, நள்ளிரவானாலும் கைவிளக்கோடு கரை வழியே கீழே நடந்து, கணவரை இழந்த ஒரு தாயின் வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகுதான் அவர் தோட்டத்து வீடாகிய சாளைக்குத் திரும்புவார். “நம்ம காடு ஒருநா காஞ்சாலும் காயட்டும், அந்தம்மா காடு நனையோணும்” என்பார். தோட்டங்களுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதையின் இருபுறமும் இன்று நிழல் தரும் வேம்பும் புங்கனும் அவர் வைத்தவை. காவினை இடுவது என்று சம்பந்தர் பாடியதை அவர் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொண்டார்.

நம் சீர்முறையில் திருமணத்தை முன்னின்று நடத்தும் அருமைக்காரர் துறவியாக இருக்க முடியாது. மணம் முடித்து, மக்களைப் பெற்று, உரிய சீர் கண்டு வாழ்ந்தவருக்கே அந்தத் தகுதி வாய்க்கிறது. இல்லறத்தில் நிற்பதையே ஒரு பெரிய தகுதியாக நம் முன்னோர் மதித்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை என்பது என் எண்ணம். எத்தனையோ மணமக்களுக்கு அரிசி தூவி வாழ்த்திய ஐயா, மாப்பிள்ளைக்கு அவர் சகோதரி செய்யும் இணைச்சீர் நடக்கும்போது மட்டும் சற்று நின்று, மாப்பிள்ளையிடம் “கூடப் பொறந்தவளக் கடைசி வரைக்கும் மறக்காதீங்க தம்பி” என்று சொல்வார். தம் தங்கைக்கு ஆண்டுதோறும் பொங்கல் சீரைத் தம் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தவர் அப்படிச் சொன்னபோது அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. மஞ்சள் விலை விழுந்து கடன் வாங்கிய ஆண்டிலும் அந்தச் சீர் நிற்கவில்லை.

இனி நான் சொல்லப்போவதை ஐயாவின் மக்கள் அறிவார்கள். ஊர் முழுவதும் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவதும், திருச்செங்கோட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறி மாதொருபாகனைத் தொழுவதும் அவருடைய வழக்கம். அவர் மனைவியாகிய அம்மா பக்கவாதத்தில் படுத்தபோது இரண்டையும் நிறுத்திவிட்டார். அவரைக் குளிப்பாட்டி, தலைவாரி, களியைக் கரைத்து ஊட்டி, படுக்கையில் புரட்டிவிட்டு, எல்லாவற்றையும் தாமே செய்தார். மருமகள்கள் செய்ய முன்வராமல் இல்லை; அவர் விடவில்லை. நேர்ந்துகொண்ட நடைப்பயணத்தை நிறுத்தினால் தெய்வக்குற்றம் ஆகாதா என்று உறவினர் ஒருவர் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். “அவளை உட்டுப்போட்டு மலையேறிப் போயி நின்னா, அங்க பாதியா நிக்கற ஆத்தா எம் மூஞ்சியப் பாப்பாளுங்களா?” என்று ஐயா திருப்பிக் கேட்டார். சிவனின் உடம்பில் பாதி உமை என்பதை நாம் சிலையில் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்துவிடுகிறோம். அவரோ அதைத் தம் வீட்டுத் திண்ணையில் ஒவ்வொரு நாளும் நடத்திக்கொண்டிருந்தார். அம்மா கண்மூடும் வரை அவர் திருச்செங்கோட்டு மலையை மிதிக்கவே இல்லை.

அவரிடம் குறையே இல்லை என்று நான் பேசினால் அவரே ஏற்கமாட்டார். மூத்த மகளைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தியது அவர் மனத்தில் முள்ளாகவே இருந்தது. காலம் அப்படி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளாமல், பிற்காலத்தில் மகள் எதிரிலேயே, பேரப்பிள்ளைகள் கேட்க, “உன்ற படிப்ப நாந்தான் கெடுத்துட்டேன் கண்ணு” என்று சொன்னார். பேத்திகளைக் கோவைக்கு அனுப்பிப் படிக்கவைக்கத் தோட்டத்து மரங்களை விற்றபோது அவர் முகத்தில் நான் வருத்தத்தைக் காணவில்லை. தவறை மக்கள் முன்னிலையில் ஒப்புக்கொள்ளும் தகப்பன்மார் நம் ஊரில் மிகக் குறைவு. அந்தப் பணிவை நான் அவருடைய தேவாரத்தைவிட உயர்ந்ததாகவே மதிக்கிறேன்.

பிரதோஷந்தோறும் மாலையில் நம் ஈசுவரன் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து ஐயா நடத்திவந்த தேவாரப் பாடம், அவர் மறைந்த பிறகு சில மாதங்கள் நின்றிருந்தது. வருகிற பிரதோஷத்திலிருந்து அதை அந்த மூத்த மகளே ஏற்று நடத்துகிறார். தகப்பனாரின் பாட்டு முழுவதும் அவருக்கு மனப்பாடம். பெண்பிள்ளை, ஆண்பிள்ளை என்ற வேறுபாடு பாராமல், சாதி பாராமல், உங்கள் வீட்டுக் குழந்தைகளை அன்று மாலை தவறாமல் அனுப்பிவையுங்கள் என்று ஐயாவின் குடும்பத்தார் சார்பிலும் கேட்டுக்கொள்கிறேன்.