பி1 முடிஞ்சுது, வாய் திறக்கேல்லை: ஜெர்மன் கோடைப் படிப்புக்கு மட்டக்களப்பிலிருந்து போகலாமா?

[திரை: கல்லடிக் கடற்கரை, காலை வெயில். குரல் மட்டும்.]

வணக்கம். ஜெர்மன் படிப்பில் ஏ1, ஏ2, பி1, பி2 என்று தரம் ஏறிக்கொண்டே போகும். அதில் பி1 வரை படித்து, பயிற்சித் தாளில் எல்லாம் சரி போட்டு, ஆனால் அறுகம்பேயில் சர்ஃபிங் பலகையோடு நிற்கிற ஒரு ஜெர்மன்காரரிடம் "எத்தனை நாள் நிற்பீங்க" என்று கேட்கக்கூட வாய் வராதவர்களுக்குத்தான், ஜெர்மனிக்கே போய்ப் படிக்கிற கோடை மொழி வகுப்புகள் பற்றிய இந்த வீடியோ. ஏ1 படிக்கிறவர்கள் அவசரப்பட வேண்டாம். எண்ணும் வணக்கமும் படிக்க விமானச் செலவு தேவையில்லை, அதை இங்கேயே ஒரு நல்ல ரீச்சரிடமோ ஒன்லைனிலோ முடித்துவிடலாம். கடன்பட்டுப் போய் அங்கே ஏ1 வகுப்பில் உட்காருவதைப்போல வீண் செலவு வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

[திரை: ஜெர்மனி வரைபடம். லைப்சிக், ஹைடல்பெர்க், ஃப்ரைபுர்க், மியூனிக்.]

முதலில் இது ஏன் கோடையில் நடக்கிறது? அங்கே பல்கலைக்கழகங்களில் ஜூலை நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் வரை விரிவுரை இல்லை. வகுப்பறை காலி, விடுதி அறைகளும் கணிசமாகக் காலி. அந்த இடைவெளியில் வெளிநாட்டு மாணவர்களை மூன்று, நான்கு வாரத்துக்குச் சேர்த்து மொழி கற்பிக்கிறார்கள். லைப்சிக்கில் 1956இலேயே வெளிநாட்டு மாணவர்களுக்கு ஜெர்மன் கற்பிக்க நிறுவனம் தொடங்கிவிட்டார்கள், அதுதான் ஹெர்டர் நிறுவனம். வியன்னாவும் நல்ல இடம்தான், ஆனால் அது ஆஸ்திரியா, விசாவும் அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். காலையில் வகுப்பு, பின்னேரம் ஊர் சுற்றல், மியூசியம், இப்படித்தான் பெரும்பாலும் போகும். கம்பஸ் மாணவர் என்றால் ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டாட் இந்தக் கோடை வகுப்புகளுக்குப் புலமைப்பரிசில் கொடுத்து வந்தது, இப்போதும் உண்டா என்று முதலில் பாருங்கள். அதற்கான விண்ணப்பம் முந்தைய வருடமே மூடிவிடும், ஆகவே ஏப்ரலில் தேடத் தொடங்கினால் அந்த வருடம் போச்சு.

சரி, எந்த வகுப்பில் உங்களைப் போடுவார்கள்? சான்றிதழைக் காட்டினாலும் ஒரு தரப்படுத்தல் சோதனை வைப்பார்கள். பல இடங்களில் அது சி-டெஸ்ட். ஒரு சின்னப் பந்தி, முதல் வசனம் முழுசாக இருக்கும், அதற்குப் பிறகு ஒன்றுவிட்டொரு சொல்லின் பின்பாதியை வெட்டியிருப்பார்கள். தமிழில் செய்து பார்ப்போம்.

[திரையில் எழுத்து: பாசிக்குடாவில் கடல் ஆழமில்லை. குழந்தைகள் கூ__ பயமில்லாமல் குளி____. வெயில் ஏறி____ மணல் சு__.]

பார்த்தீர்களா, யோசிக்காமலே நிரப்பினீர்கள். ஜெர்மனில் அந்த வெட்டின பின்பாதியில்தான் வேற்றுமை விகுதியும் வினை விகுதியும் இருக்கும். சொல்லின் கருத்து மட்டும் தெரிந்து விகுதியைக் குத்துமதிப்பாகப் போடுகிறவர் உடனே பிடிபட்டுவிடுவார். ஒரு படி கீழே போட்டார்கள் என்றால் ரோசப்பட வேண்டாம், இரண்டாம் நாள் ஆசிரியரிடம் கேட்டு மாறுகிறவர்கள் நிறையப்பேர்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நம்மில் முக்கால்வாசிப் பேர் ஜெர்மனை ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறோம், புத்தகம் அப்படி, யூடியூப் அப்படி. ஏ1, ஏ2 வரை அது ஓடும். பி1 தாண்டினால் அதே ஆங்கிலம் காலை வாரிவிடும், ஏனென்றால் அதற்குப் பிறகு வருகிற ஜெர்மன் வசனம் தமிழ்ப் பக்கம் சாய்கிறது.

[திரையில் இரண்டு வரி, ஒன்றன்கீழ் ஒன்று, ஒவ்வொரு சொல்லாக நிறம் மாறும்.]
[வைல் – இஹ் – மோர்கன் – நாஹ் கொலம்போ – ஃபாரன் – முஸ்]
[நான் – நாளை – கொழும்புக்கு – போக – வேண்டும் – என்பதால்]

"வைல்" என்றால் "ஏனென்றால்". அதை மட்டும் முன்னாலிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் அப்படியே நம்முடைய வரிசை. துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போகும் என்ற விதியைக் கேட்டு ஆங்கிலம் பேசுகிறவன் தலையில் கை வைக்கிறான், நாம் பிறந்ததிலிருந்து அப்படித்தான் கதைக்கிறோம். தலைமை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடம், அது மட்டும் தனியாகப் பழக வேண்டியது. "எனக்குக் குளிருது" என்பதும் அப்படித்தான், ஜெர்மனில் "மீர் இஸ்ட் கால்ட்", நான்காம் வேற்றுமையில் நாம் சொல்கிற அதே "எனக்கு". ஆங்கிலத்தை நடுவில் வைத்தவர் "இஹ் பின் கால்ட்" என்று சொல்லி, தான் ஈவிரக்கமில்லாத ஆள் என்று அறிவித்துவிட்டு நிற்பார். பி2 பத்திரிகைச் செய்தியில் வருகிற நீளமான அடைமொழி, "டீ கெஸ்டர்ன் இன் கல்முனை கெகௌஃப்ட டஷ", அதுவும் "நேற்று கல்முனையில் வாங்கிய பை"தான், முன்னால் ஒரு "டீ" மட்டும் கூட. போவதற்கு முன் இரண்டு மாதம் இப்படித் தமிழோடு பக்கத்தில் வைத்துப் பத்து நிமிடமாவது தினமும் எழுதுங்கள். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டொய்ச்ச வெல்லே மெதுவாக வாசிக்கிற செய்தியையும் சேர்த்துக் கேளுங்கள், காசு இல்லை.

[திரை: தொடருந்து ஜன்னல், வயல்.]

போன பிறகு இரண்டு பொறி. ஒன்று, வகுப்பில் இத்தாலி, போலந்து, ஜப்பான் என்று எல்லா நாட்டாரும் இருப்பார்கள், இடைவேளை வந்ததும் எல்லோரும் ஆங்கிலத்துக்கு இறங்கிவிடுவார்கள். முதல் நாளே நீங்கள் ஜெர்மனில் மட்டும் பதில் சொன்னால் நாலைந்து நாளில் உங்களோடு ஜெர்மனில்தான் கதைப்பார்கள். இரண்டாவது பொறி நம்முடையது: டோர்ட்முண்டில் மாமா வீடு. விடுதிக் காசு மிச்சம், சோறும் கறியும் உண்டு, எல்லாம் சரி, ஆனால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு ஒரு ஜெர்மன் சொல் காதில் விழாது. மாமாவைச் சனிக்கிழமை பாருங்கள், அவரோடு ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்கும் போய்வாருங்கள், ஆனால் படுக்கை விடுதியில் இருக்கட்டும். ஞாயிறு அங்கே கடை பூட்டு, அதையும் நினைவில் வையுங்கள். சூரிச்சில் சித்தி இருக்கிறார் என்று கிளம்புகிறவர்கள் இன்னும் கவனம், அங்கே தெருவில் கேட்பது சுவிஸ் பேச்சு வழக்கு, உங்கள் புத்தகத்து ஜெர்மன் அல்ல.

விசாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 90 நாளுக்குள் முடிகிற படிப்புக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகிய கால விசா, பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி, வகுப்பில் சேர்ந்ததற்கான கடிதம், காசு இருக்கிறது என்பதற்கு வங்கிக் கணக்கு. அல்லது அங்கே இருக்கிற உறவினர் தன் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கையெழுத்திட்டுத் தருகிற பொறுப்பேற்புக் கடிதம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கைரேகைக்குக் கொழும்புக்குப் போக வேண்டும், இரவு பஸ்ஸோ ரெயினோ உங்கள் இஷ்டம். இளம் வயது, கல்யாணம் ஆகவில்லை, வேலை இல்லை என்றால் திரும்பி வருவீர்களா என்றுதான் விசா அதிகாரிகள் சந்தேகப்படுவார்கள். கம்பஸ் கடிதமோ வேலைத்தலத்து லீவுக் கடிதமோ கட்டாயம் வையுங்கள். "முதல்ல போ மச்சான், அங்க மாத்திக்கலாம்" என்று ஒருவர் சொல்வார். இந்த விசாவைப் பொதுவாக அங்கே வைத்து மாற்ற முடியாது, வேலை செய்யவும் முடியாது.

ஒரு மாதத்தில் பி1இலிருந்து பி2க்குத் தாவ முடியாது, விளம்பரம் என்ன சொன்னாலும். காது திறக்கும், வாய் திறக்கும், அவ்வளவுதான், அதுவே பெரிய விஷயம். தாதியர் வேலைக்கென்று படிக்கிறவர்களுக்குப் பொதுவாக பி2 தேவை, அதனால் திரும்பி வந்ததும் ஓயாமல் பரீட்சைத் திகதி பாருங்கள். கோதே நிறுவனத்தின் பி2 பரீட்சை நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும், தனித்தனியாகவும் எழுதலாம். பேச்சுப் பகுதி 15 நிமிடம்தான்: ஒரு சின்ன உரை, பிறகு எதிரில் இருப்பவரோடு வாதம். அதையும் கேட்டலையும் செப்டெம்பர், ஒக்டோபரிலேயே கொழும்பில் முடியுங்கள், எழுத்தை வேண்டுமென்றால் பிறகு பார்க்கலாம்.